பழைய கார் பெட்ரோல் அதிகம் குடிக்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

இது சிங்கப்பூரில் பத்தாண்டு சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) முடிந்து, மேலும் ஐந்தோ பத்தோ ஆண்டுக்குப் புதுப்பித்த பெட்ரோல் கார்களுக்கானது. 1.5, 1.6 லிட்டர் எஞ்சின், ஆட்டோ கியர், டர்போ இல்லாத இன்ஜெக்‌ஷன் வண்டி: ஆல்டிஸ், வியோஸ், லான்சர், லாட்டியோ, சிட்டி போன்றவை. ஹைப்ரிட், டீசல் வண்டிகளுக்கு டயர், பிரேக் பகுதிகள் மட்டும் பொருந்தும்.

பட்டறையில் போய் "பெட்ரோல் நிறையக் குடிக்குது" என்று மட்டும் சொன்னால், ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர் கிளீனர் என்று வழக்கமான பட்டியல்தான் வரும். பணம் செலவாகும், கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும். "பின் இடது சக்கரம் மற்றதைவிடச் சூடாகிறது", "விரைவுச்சாலையில் கூலன்ட் 72 டிகிரியைத் தாண்டவில்லை" என்று சொல்லிப் பாருங்கள், வேலை நேராக அந்த இடத்துக்குப் போகும். கீழே உள்ள சோதனைகளில் பெரும்பாலானவற்றை வண்டியைப் பிரிக்காமலே செய்யலாம். இரண்டு கருவிகள் போதும். ஒன்று, வண்டியின் கணினித் தகவலைப் படிக்க ஸ்டேரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் செருகி கைப்பேசியில் பார்க்கும் புளூடூத் ரீடர். மற்றொன்று, தொடாமல் வெப்பம் அளக்கும் இன்ஃப்ராரெட் கருவி. வீட்டில் காய்ச்சல் பார்க்க வைத்திருக்கும் நெற்றிக் கருவி இதற்கு உதவாது, உடல் வெப்பத்துக்கு மேல் அது காட்டாது.

உண்மையிலேயே கூடியிருக்கிறதா?

மீட்டர் முள்ளையும் டாஷ்போர்டில் வரும் சராசரியையும் நம்ப வேண்டாம். தொட்டியை நிரப்பி அளப்பதே கணக்கு. பம்ப் முதல் முறை "டக்" என்று தானாக நின்றதும் நிறுத்துங்கள். ஊழியர் ஊற்றினால், காசை முழு எண்ணாக்க மேலே ஊற்ற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, 350 முதல் 400 கிலோமீட்டர் ஓட்டியபின், அதே நிலையத்தில் அதே பம்பில் மீண்டும் முதல் "டக்" வரை நிரப்புங்கள். 420 கிலோமீட்டருக்கு 38 லிட்டர் என்றால் லிட்டருக்கு 11 கிலோமீட்டர்.

ஜோகூர் போய்வந்த தொட்டியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சீராக ஓடிய கிலோமீட்டர் உள்ளூர்க் கோளாறை மறைத்துவிடும். சோதனைச்சாவடியில் முக்கால் தொட்டி விதி இருப்பதால் பாதியில் நிரப்பிக் கணக்கும் குழம்பும்.

ஒரு தொட்டிக்கும் இன்னொரு தொட்டிக்கும் 10 விழுக்காடு வரை வித்தியாசம் வருவது சாதாரணம். மழை, நெரிசல், பள்ளி விடுமுறை எல்லாம் அதில் அடங்கும். அடுத்தடுத்து இரண்டு மூன்று தொட்டிகளில் 15 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருந்தால் மட்டும் மேலே படியுங்கள். பெரிய விட்டமுள்ள டயருக்கு மாறியிருந்தால் ஓடோமீட்டரே குறைவாகக் காட்டும். அப்போது கூடியது பெட்ரோல் அல்ல, குறைந்தது கணக்கில் வரும் கிலோமீட்டர்.

பெட்ரோல் வாடை வருகிறது

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பாருங்கள். நிறுத்தி வைத்த வண்டியைச் சுற்றியோ வண்டிக்குள்ளேயோ பச்சைப் பெட்ரோல் வாடை அடித்தால், எளிய காரணம் தொட்டி மூடியின் ரப்பர் வளையம். வெடித்திருந்தாலோ தட்டையாகிப் போயிருந்தாலோ மூடியை மாற்றினால் போதும்.

மூடி சரியாக இருந்து, பானட்டைத் திறந்ததும் வாடை தூக்கலாக இருந்தால், இன்ஜெக்டரின் ரப்பர் ஓ-வளையமோ எரிபொருள் ஹோஸோ கசிகிறது. பின் இருக்கைப் பக்கம் வாடை என்றால் தொட்டிக்கு மேலுள்ள பம்ப் மூடியின் சீல். இந்த இரண்டிலும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம், "பட்டறைவரை ஓட்டிப் போய்விடலாம்" என்ற எண்ணமும் வேண்டாம். இழுவண்டி வைத்துக் கொண்டுபோங்கள். விரைவுச்சாலையில் இது நேர்ந்தால் எஞ்சினை அணைத்து, எல்லாரும் இறங்கித் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இமாஸ் மீட்புச் சேவை வண்டியை அருகிலுள்ள கார்ப்பேட்டைக்குக் கட்டணமின்றி இழுத்துப் போகும். புகையோ தீயோ கண்டால் 995.

எந்த அறிகுறியும் இல்லை, செலவு மட்டும் கூடியிருக்கிறது

எஞ்சின் விளக்கு எரியவில்லை, இழுவை நன்றாக இருக்கிறது, சத்தம் எதுவும் இல்லை. இந்த நிலையில் எஞ்சினைத் தொடவே வேண்டாம்.

டயர்க் காற்று. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் அளவு இருக்கும், பெரும்பாலும் 30 முதல் 33 பிஎஸ்ஐ. காலையில் ஓட்டும் முன், அல்லது அருகிலுள்ள பெட்ரோல் நிலையத்துக்குப் போன உடனே அளக்க வேண்டும். நீண்ட தூரம் ஓடிச் சூடான டயர் 3, 4 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் குறைவாக இருக்கும். நல்ல டயரும் மாதத்துக்கு 1, 2 பிஎஸ்ஐ இழக்கும். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் 0.2 விழுக்காடு பெட்ரோல் கூடும். ஆக 5 பிஎஸ்ஐ குறைந்தாலும் ஒரு விழுக்காடுதான். டயரைக் கவனிப்பது பாதுகாப்புக்கு அவசியம், ஆனால் 20 விழுக்காடு கூடிய செலவுக்கு அது மட்டும் காரணமாக இருக்காது. காற்றைச் சரி செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நின்றுவிடாதீர்கள்.

ஓட்டும் தூரம் மாறியதா? வீட்டிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து எம்ஆர்டி நிலையம், அங்கிருந்து சந்தை என இரண்டிரண்டு கிலோமீட்டராக ஓடும் வண்டியில் எஞ்சின் சூடாகும் முன்பே பயணம் முடிந்துவிடுகிறது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கணினி கூடுதல் பெட்ரோல் கொடுக்கும். பல மாடிக் கார்ப்பேட்டையில் ஆறாம் தளம்வரை முதல் கியரில் சுற்றி ஏறுவதும் இதோடு சேரும். தீவு விரைவுச்சாலையில் நாள்தோறும் வேலைக்குப் போய்வந்தவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கிவிட்டால், லிட்டருக்கு 12 ஓடிய அதே வண்டி 9 ஓடும். பழுது எதுவும் இல்லை.

நிறுத்திவைத்து ஏர்கான் ஓட்டுவது. 1.6 லிட்டர் எஞ்சின் ஏர்கானோடு சும்மா ஓடினால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு லிட்டர் போகும், ட்ரிப் மீட்டரில் ஒரு மீட்டர்கூட ஏறாது. பிள்ளையை டியூஷனில் விட்டு வெளியே காத்திருக்கும் பழக்கம் இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே சட்டப்படி குற்றமும்கூட.

ஏர்கான். பகல் வெயிலில் கம்ப்ரசர் ஓயாமல் ஓடுவது இயல்பு. இரவில், வண்டி குளிர்ந்திருக்கும்போது, 25 டிகிரியில் வைத்துப் பாருங்கள். கிளட்ச் உள்ள கம்ப்ரசர் "க்ளிக்" என்று அவ்வப்போது விலகிச் சேர வேண்டும். விலகவே இல்லையென்றால், செலவு குறைந்ததிலிருந்து வரிசையாகப் பாருங்கள்: அடைத்துப்போன கேபின் ஃபில்டர், தூசும் பூச்சியும் படிந்த கண்டென்சர், சுற்றாத கண்டென்சர் மின்விசிறி, கேஸ் குறைவு. கேஸ் குறைந்திருந்தால் கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்ப விடாதீர்கள், அடுத்த ஆண்டும் அதே செலவு வரும்.

பெட்ரோல் வகை. கையேட்டில் 95 என்று இருந்தால் 98 ஊற்றுவதால் கிலோமீட்டர் கூடாது. 92 ஊற்றினால் கூடுதல் செலவாகலாம். எஞ்சின் தட்டலை உணரும் நாக் சென்சார் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளும், இழுவை குறையும், நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள். கார்ப்பேட்டை ஏற்றத்தில் "கிட்டுகிட்டு" என்று உலோகச் சத்தம் கேட்டால் இதுதான் முதல் சந்தேகம். 92 போதும் என்று கையேடு சொல்லும் வண்டிக்கு 92 போதும்.

எஞ்சின் ஆயில் தடிப்பு. 5டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினில் "பழைய வண்டிக்குத் தடிச்ச ஆயில்தான் நல்லது" என்று 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தால் சில விழுக்காடு அதில் போகும். அடுத்த சர்வீஸில் மாற்றிக்கொள்ளலாம்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி உருளாமல் தேங்குகிறது

பழைய கார்களில் அதிகம் கண்ணில் படாமல் போகும் கோளாறு இது. ஆண்டுச் சோதனையில் பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள், மிதியை விட்டதும் முழுதாக விடுகிறதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் ஈரக் காற்றில் பிரேக் திரவம் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், உள்ளே, பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பரின் பிஸ்டன் துருப்பிடிக்கும். வாரம் முழுவதும் ஹேண்ட்பிரேக் போட்டபடி நிற்கும் வண்டியில் கேபிளும் இறுகிக்கொள்ளும்.

சோதனை இப்படி. விரைவுச்சாலையில் 15 நிமிடம் ஓட்டுங்கள். வெளியேறும்போது கடைசி ஒரு கிலோமீட்டரில் முடிந்தவரை பிரேக்கை மெல்லத் தொட்டு நிறுத்துங்கள். இறங்கியவுடன் இன்ஃப்ராரெட் கருவியால் நான்கு சக்கரத்தின் பிரேக் டிஸ்க்கையும் அளங்கள், பின்னால் டிரம் என்றால் டிரம்மின் வெளிப்பக்கத்தை. முன் இரண்டும் பின் இரண்டைவிடச் சூடாக இருப்பது சரிதான். ஒரே அச்சில் இடதும் வலதும் 30 டிகிரிக்கு மேல் வேறுபட்டால், சூடான பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறது. கருவி இல்லையென்றால் சக்கரத்துக்குக் கையைக் கிட்டே கொண்டுபோங்கள், தொட வேண்டாம். கருகிய வாடையும் ஒரு சக்கரத்தில் மட்டும் அதிகம் படியும் கறுப்புத் தூளும் அதே செய்திதான்.

பின் சக்கரம் சூடு: முதலில் ஹேண்ட்பிரேக். மெதுவாக இழுத்து "டிக்" சத்தங்களை எண்ணுங்கள். பொதுவாக 5 முதல் 8 இருக்கும். இரண்டு மூன்றிலேயே இறுகினால் கேபிளை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள், தளர்த்தினால் போதும். எண்ணிக்கை சரியாக இருந்தும் சூடானால் கேபிள் உறைக்குள் துருப்பிடித்துத் திரும்பாமல் நிற்கிறது. அதற்கு எண்ணெய் விடுவது சில வாரம் தாங்கும், அவ்வளவுதான். மாற்றிவிடுங்கள்.

முன் சக்கரம் சூடு: கேலிப்பர் நகரும் ஸ்லைடு பின்களைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உள் பேடும் வெளிப் பேடும் சமமாகத் தேயாமல் ஒன்று மட்டும் மெலிந்திருந்தால் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது. சுத்தம் செய்து, பிரேக்குக்கென உள்ள சிலிக்கோன் கிரீஸ் தடவினால் பெரும்பாலும் முடிந்துவிடும். சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் உப்பி மறுபடி இறுகும், இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. ஸ்லைடு பின் சுலபமாக நகர்ந்தும் சக்கரம் பிடித்தால் பிஸ்டனைப் பார்க்க வேண்டும். தூசு உறை கிழிந்து துரு தெரிந்தால் சீல் கிட் போடலாம், பிஸ்டனே அரித்திருந்தால் கேலிப்பரை மாற்ற வேண்டும்.

இன்னொரு காரணத்தைப் பலர் தவறவிடுகிறார்கள்: உள்ளே ஊதிச் சுருங்கிய பிரேக் ஹோஸ். வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே ஒருவழிக் கதவாகி, மிதிக்கும்போது திரவத்தை விடும், திரும்ப விடாது. சக்கரம் பிடித்த நிலையில் கேலிப்பரின் பிளீடர் திருகைத் தளர்த்தும்போது சக்கரம் உடனே விடுபட்டால் கேலிப்பர் குற்றவாளி அல்ல. கேலிப்பருக்குப் பணம் கொடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்தார்களா என்று கேளுங்கள்.

முன் இரண்டும் ஒன்றாகப் பிடித்தால் மாஸ்டர் சிலிண்டர் அல்லது பூஸ்டர் கம்பியின் அளவு. பிரேக் வேலையை வீட்டில் கற்றுக்கொள்ள முயல வேண்டாம். அளப்பது உங்கள் வேலை, பிரிப்பது பட்டறையின் வேலை.

எல்லாச் சக்கரமும் சமமான சூட்டில் இருந்தும் வண்டி தேங்கினால், டயரின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தடவினால் வழுக்கி, மறுபக்கம் ரம்பம்போலச் சொரசொரத்தால் சக்கர அலைன்மென்ட் விலகியிருக்கிறது.

எஞ்சின் சூடாக வெகுநேரமாகிறது, அல்லது வெப்ப முள் தாழ்ந்தே நிற்கிறது

நம் ஊர் வெயிலில் எஞ்சின் குளிர்ச்சியாக ஓடினால் நல்லதுதானே என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. அதனால்தான் ஓவர்ஹீட் ஆன வண்டியில் தெர்மோஸ்டாட்டையே (எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் சூடாகும்வரை அதை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றி எறிவதும், ரேடியேட்டர் விசிறியை எப்போதும் சுற்றும்படி நேர் வயர் கொடுப்பதும் நடக்கிறது. இரண்டுமே பெட்ரோலைத் தின்னும் வேலைகள். கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டும்வரை கணினி எஞ்சினைக் "குளிர்ந்தது" என்றே நினைத்துக் கூடுதலாக ஊற்றும். பல ஆட்டோ கியர் வண்டிகளில் டார்க் கன்வெர்ட்டர் லாக்கப்பும் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பிணைக்கும் பூட்டு) அதுவரை பூட்டாது. இரட்டைச் செலவு.

ஓபிடி ரீடரில் கூலன்ட் வெப்பத்தை மூன்று நேரத்தில் பாருங்கள்.

காலையில், இரவு முழுவதும் நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் மட்டும் செய்து பாருங்கள். கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக, 27 முதல் 31 டிகிரியில் இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் 15 டிகிரி என்றோ மைனஸ் 40 என்றோ காட்டினால் சென்சார் அல்லது அதன் வயர் பழுது. மைனஸ் 40 என்பது பெரும்பாலும் அறுந்த வயர் அல்லது கழன்ற சாக்கெட்.

பத்து நிமிடம் ஓட்டிய பிறகு 80ஐத் தாண்டியிருக்க வேண்டும்.

விரைவுச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து நிமிடம் சென்றால் 80க்கும் 95க்கும் இடையே நிலையாக நிற்க வேண்டும். நெரிசலில் 85, விரைவுச்சாலையில் 70 என்று கீழே இறங்கினால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. எஞ்சின் விளக்கு எரிந்தால் இதற்கான குறியீடு பி0128. எரியாமலும் இருக்கலாம்.

தெர்மோஸ்டாட் விலை குறைந்த பாகம், கூலன்ட் மாற்றத்தோடு சேர்த்துச் செய்வது நல்லது. மாற்றும்போது அந்த எஞ்சினுக்குரிய வெப்ப அளவுள்ளதையே வாங்குங்கள். "வெப்ப நாட்டுக்கு" என்று குறைந்த டிகிரியில் திறப்பதைப் போட்டால் கோளாறு தொடரும். முன்பு ஓவர்ஹீட் ஆனதற்காகத்தான் கழற்றினார்கள் என்றால், அந்த ஓவர்ஹீட்டின் காரணத்தை முதலில் தீர்க்க வேண்டும். அடைத்த ரேடியேட்டரோடு புதுத் தெர்மோஸ்டாட் போட்டால் ஹெட் கேஸ்கெட் போய்விடும்.

எஞ்சின் விளக்கு எரிகிறது

குறியீட்டைப் படித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அழிக்காதீர்கள். அழித்தால் அதோடு சேமித்திருந்த விவரமும் போய்விடும்.

பி0130 முதல் பி0135 வரை, புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் முன் ஆக்சிஜன் சென்சாரைச் சேர்ந்தவை. பெட்ரோல் செலவோடு நேரடித் தொடர்புடையது இந்தச் சென்சார்தான். அது போனால் கணினி கண்ணைக் கட்டிக்கொண்டு ஊற்றும். பி0135 என்றால் அதன் ஹீட்டர், முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பழைய சென்சார் விளக்கை எரியவிடாமலே மந்தமாவதும் உண்டு. சூடான எஞ்சினில் 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால், சாதாரண வகைச் சென்சாரின் மின்னழுத்தம் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே நொடிக்கொரு முறையாவது துள்ள வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் ஆயுள் முடிந்தது. டொயோட்டா உள்ளிட்ட சில வண்டிகளில் முன்னால் இருப்பது ஏர்-ஃபியூவல் வகை, அது இப்படித் துள்ளாது, அதைப் பழுது என்று எண்ணி மாற்றிவிடாதீர்கள். மாற்றுவதென்றால் அசல் வகையையே போடுங்கள். வயரை வெட்டி ஒட்டும் பொது வகை பல வண்டிகளில் தொந்தரவு தரும்.

பி0171 கலவை மெலிந்தது, பி0172 கலவை கெட்டியானது. இரண்டாவதுக்கு அடுத்த பகுதி. முதலாவதில் காற்றுக் கசிவே முதல் சந்தேகம். ஓபிடி ரீடரில் நீண்டகால ஃபியூவல் ட்ரிம் எண்ணை (கணினி பெட்ரோலை எத்தனை விழுக்காடு கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்பது) பாருங்கள். ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் சும்மா ஓடும்போது) கூட்டல் 20, 2,500 ஆர்பிஎம்மில் கூட்டல் 5 என்று இறங்கினால் வெடித்த வேக்குவம் ஹோஸோ பிசிவி ஹோஸோ எங்கோ காற்றை உறிஞ்சுகிறது, "உஸ்" சத்தம் கேட்கும். இரண்டிலும் கூடுதலாகவே நின்றால் அழுக்கான மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் அல்லது சோர்ந்த பெட்ரோல் பம்ப். ஏர்ஃப்ளோ சென்சாரை அதற்குரிய ஸ்பிரேயால் மட்டும் கழுவி, முழுதாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். கார்புரேட்டர் கிளீனரும் துணியும் அதன் நுண்கம்பியைக் கொன்றுவிடும்.

பி0420, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததைச் சொல்கிறது. அது மட்டும் பெட்ரோல் செலவைக் கூட்டாது. இதற்காகவே கன்வெர்ட்டர் மாற்றச் சொன்னால், புகைச் சோதனையில் தேறுமா என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள், மைலேஜுக்காக அல்ல.

கறுப்புப் புகை, புகைக்குழாயில் கரி, ஐடிலில் கண் எரியும் வாடை

கலவை கெட்டியாக இருக்கிறது, பெட்ரோல் முழுதாக எரியாமல் வெளியே போகிறது. 20, 30 விழுக்காடு கூடும் அளவுக்குப் பெரிய இழப்பு பெரும்பாலும் இங்கேதான். ஃபியூவல் ட்ரிம் கழித்தல் 10க்குக் கீழே போயிருந்தால் சந்தேகம் உறுதியாகிறது.

கூலன்ட் சென்சாரை மேலே சொன்னபடி பார்த்தாயிற்றா? அடுத்தது பர்ஜ் வால்வு, கரிக் குப்பியில் சேரும் தொட்டியின் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு விடும் வால்வு. எஞ்சின் குளிர்ந்து ஐடிலில் இருக்கும்போது, கரிக் குப்பியிலிருந்து வரும் ஹோஸை வால்விலிருந்து கழற்றி, வால்வின் அந்தத் துளைமேல் விரல் வையுங்கள். உறிஞ்சினால் வால்வு திறந்தே மாட்டியிருக்கிறது. பெட்ரோல் நிரப்பிய உடனே ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுவதும் இதன் அடையாளம். பம்ப் நின்ற பிறகும் மேலே மேலே ஊற்றும் பழக்கம்தான் கரிக் குப்பியை நனைத்து இந்த வால்வைக் கெடுக்கிறது.

பெட்ரோல் திரும்பிப் போகும் குழாயுள்ள பழைய அமைப்பில், பிரஷர் ரெகுலேட்டரின் மெல்லிய வேக்குவம் ஹோஸை எஞ்சின் அணைந்து குளிர்ந்தபின் கழற்றி முகர்ந்து பாருங்கள். உள்ளே ஈரமாகப் பெட்ரோல் இருந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது.

இவை மூன்றும் சரி என்றால்தான் இன்ஜெக்டர். நான்கு ஸ்பார்க் பிளக்கில் ஒன்று மட்டும் கறுப்பாக இருந்தால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் சொட்டுகிறது. நான்கும் கறுப்பு என்றால் இன்ஜெக்டரைக் குறை சொல்லாதீர்கள், பொதுவான காரணம் ஒன்று இன்னும் பாக்கி. இன்ஜெக்டரைக் கழற்றி மேடையில் வைத்துச் சோதித்து, அல்ட்ராசோனிக் முறையில் கழுவிக் கொடுக்கும் பட்டறைகள் சின் மிங், காக்கி புக்கிட், ஊபி வட்டாரங்களில் கேட்டால் கிடைக்கும். கழுவும் முன்னும் பின்னும் எவ்வளவு பாய்ந்தது என்ற அளவைக் கேட்டு வாங்குங்கள்.

ஐடிலில் நடுக்கம், அழுத்தினால் திக்குகிறது

எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் உடனே ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும், சின்னச் செலவு பெரிய செலவாகும்.

பி0301 முதல் பி0304 வரை கடைசி எண் எந்தச் சிலிண்டர் என்று சொல்லும். அந்தச் சிலிண்டரின் காயிலை (பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் பாகம்) அடுத்த சிலிண்டருக்கு மாற்றுங்கள். குறியீடும் கூடவே இடம் மாறினால் காயில் பழுது. மாறாவிட்டால் அடுத்த சந்தேகம் பிளக். நிக்கல் பிளக் 20,000 முதல் 40,000 கிலோமீட்டர், இரிடியம் ஏறக்குறைய 100,000. குளிர்ந்த எஞ்சினில் கழற்றி, புதியதைக் கையாலேயே சில சுற்று திருகிய பிறகுதான் ஸ்பேனர். பிளக் குழியில் ஆயில் நின்றால் வால்வ் கவர் கேஸ்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லையெனில் புதுக் காயிலும் விரைவில் போகும்.

எஞ்சின் இரைகிறது, வேகம் அதற்கேற்ப ஏறவில்லை

விரைவுச்சாலையில் 80இல் சீராகப் போகும்போது ஆக்சிலரேட்டரை இம்மியளவு கூட்டுங்கள். லாக்கப் பூட்டியிருந்தால் ஆர்பிஎம் முள் வேகத்தோடு சேர்ந்து மெல்ல ஏறும். பூட்டவில்லையென்றால் வேகம் ஏறும் முன்பே 200, 300 தாவும். கியர்பாக்ஸைச் சந்தேகிக்கும் முன் இரண்டைப் பாருங்கள்: கூலன்ட் 80ஐத் தாண்டுகிறதா, பிரேக் மிதிக்காதபோதும் பின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறதா. மிதியின் ஸ்விட்ச் மாட்டிக்கொண்டால் வண்டி எப்போதும் பிரேக் பிடிப்பதாகக் கணினி நினைக்கும், லாக்கப்பைப் பூட்டாது. இரவில் கார்ப்பேட்டைச் சுவருக்குப் பின்பக்கத்தைக் காட்டி நிறுத்தினால் சிவப்பு வெளிச்சம் தெரியும்.

இரண்டும் சரி என்றால் கியர் ஆயில். கறுத்து, கருகிய வாடை அடித்தால் பழகிய கியர்பாக்ஸ் பட்டறையிடம் போங்கள். கையேடு சொல்லும் ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்ற விடாதீர்கள், சிவிடி (படிகளில்லாத கியர்பாக்ஸ்) என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இழுவை இல்லை, மேட்டில் திணறுகிறது

ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், இழுவை திரும்பும். பெட்ரோல் மிச்சமாகும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் வரும் காற்றுக்கேற்பவே கணினி பெட்ரோலைக் குறைக்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009இல் செய்த சோதனையும் அதையே காட்டியது. தொட்டியில் போடும் மாத்திரை, சிகரெட் லைட்டரில் செருகும் "பெட்ரோல் சேமிப்பான்" ஆகியவற்றுக்கு ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

ஃபில்டர் சுத்தம், ஆனாலும் 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் மூச்சு முட்டுகிறது என்றால் கன்வெர்ட்டர் அடைத்திருக்கலாம். முன் ஆக்சிஜன் சென்சார் துளையில் மீட்டர் மாட்டி அழுத்தம் அளக்கச் சொல்லுங்கள். 2,500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்கு மேல் என்றால் அடைப்பு. கன்வெர்ட்டரைக் குடைந்து காலியாக்குவது சட்டவிரோதம், வண்டி ஆண்டுச் சோதனையில் விழும். அடைத்ததற்குக் காரணமான மிஸ்ஃபயரையோ (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாததையோ) ஆயில் எரிவதையோ தீர்க்காமல் புதியது போட்டால் அதுவும் அடைக்கும்.

நீலப் புகை, ஆயில் குறைதல் ஆகியவையும் சேர்ந்தால் கம்ப்ரஷன் சோதனை. நான்கு சிலிண்டரின் எண்களையும் எழுதி வாங்குங்கள். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் இடைவெளி இருந்தால் வால்வு அல்லது ரிங்.

கன்வெர்ட்டர், கியர்பாக்ஸ், எஞ்சின் பிரிப்பு ஆகிய மூன்றிலும் கையெழுத்துப் போடும் முன் சிஓஇயில் எத்தனை மாதம் பாக்கி என்று பாருங்கள். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 12.5க்குப் பதில் 10 ஓடினால், மாதம் 96 லிட்டருக்குப் பதில் 120 ஆகும். லிட்டர் 2.80 வெள்ளி என்று வைத்தால், வீணாவது மாதம் 67 வெள்ளி. 300 வெள்ளி பிரேக் வேலை ஐந்து மாதத்தில் தன் காசைத் திரும்பத் தந்துவிடும். 2,500 வெள்ளி கியர்பாக்ஸ் வேலைக்கு மூன்று ஆண்டுக்கு மேல் வேண்டும். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த சிஓஇயை மறுபடி புதுப்பிக்க முடியாது, முடிவில் பதிவை நீக்கும்போது திரும்பத் தரும் பார்ஃப் கழிவும் கிடையாது. ஆகவே 14 மாதமே பாக்கியுள்ள வண்டியில், பாதுகாப்பும் புகைச் சோதனையும் கெடாதவரை, அந்தப் பெரிய வேலையைச் செய்யாமல் மெல்ல ஓட்டி முடிப்பதே சரியான பழுதுபார்ப்பு.